பேரணாம்பட்டுக்கு வந்த சைனா நாய்

வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்குச் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். ஆம்பூர் வரை இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 90 ரூபாய். தூரம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஆம்பூர் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் எந்தக் கடை பிரியாணி நல்லது என்று பட்டியல் போட்டார்கள். நான் போவது ஒரு நாய்க்கு அங்கே வேலை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க. அதைச் சொன்னால் ஆயிரம் கேள்வி வரும் என்பதால் எல்லாப் பட்டியலையும் வாங்கிக்கொண்டேன்.

ரக்கூன் நாய் என்று ஒரு பிராணி உண்டு. நாய்க் குடும்பம்தான். குட்டைக் கால், பருத்த உடம்பு, அடர்ந்த ரோமம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. திருடன் வேஷம் கட்டிய சோம்பேறி மாதிரி இருக்கும். சொந்த ஊர் சீனா, ஜப்பான், கொரியா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி. தோலுக்கு ஆகும் என்று அதைப் பிடித்து ரஷ்யாவின் மேற்குப் பக்கம் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். விட்ட இடத்தில் அது நிற்கவில்லை. தவளை, எலி, பழம், குப்பை என்று கிடைத்ததைத் தின்றது. கடும் பனியில் வளைக்குள் படுத்துத் தூங்கியது. ஒரே ஈற்றில் எட்டு ஒன்பது குட்டி போட்டது. யாரையும் கேட்காமல் பாதி ஐரோப்பாவுக்குப் பரவிவிட்டது. போகிற இடத்துக்கெல்லாம் வெறிநோயையும் சொறியையும் சுமந்து போகிறது என்று அங்கே அதற்குக் கெட்ட பெயர். எனக்கு அதைப் பிடிக்கும். பெண் இரை தேடப் போனால் குட்டிகளோடு வளையில் படுத்திருப்பது அப்பன்தான்.

நான் கால்நடை மருத்துவர். எஸ்டோனியாவில் காட்டு விலங்குகளுக்கான ஒரு சின்ன சிகிச்சை இல்லத்தில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தேன். அங்கே ரக்கூன் நாய்களுக்குச் சொறி மருந்து கொடுப்பதுதான் என் பாதிப் பிழைப்பு. திரும்பி வந்த பிறகு இந்த அனுபவம் ஒன்றுக்கும் உதவவில்லை. சென்னையில் பூனைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் குணசேகரன் என்ற வனக்காவலர் பேரணாம்பட்டிலிருந்து ஒரு படம் அனுப்பினார். முடி கொட்டி, தோல் கறுத்து, வால் கயிறாகத் தொங்க, ஒரு மிருகம். கீழே ஒரு கேள்வி: ‘மேடம், இது ரக்கூன் நாயா? ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க. நீங்க அதைப் பாத்தவங்களாமே.’

படத்தில் காதும் மூக்கும் காலும் நரி என்றன. ஆனால் மங்கலான செல்போன் படத்தை நம்பி எதையும் எழுதிக் கொடுக்கக்கூடாது என்பது என் கொள்கை. கொள்கையை விடப் பெரிய காரணம், எனக்கும் ஊர் சுற்ற ஆசை.

ஒன்பதரைக்கு ஆம்பூர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் காற்றில் தோல் வாசனை. முதல் ஐந்து நிமிடம் மூக்கு முறைத்துக்கொண்டது. அப்புறம் அதுவே பழகிவிட்டது. டீ 12 ரூபாய். பேரணாம்பட்டு பஸ்ஸுக்கு 22 ரூபாய், தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம். பக்கத்து இருக்கையில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள். எதற்கு வந்தீர்கள் என்று விசாரித்தாள். கால்நடை டாக்டர் என்றதும் போனை எடுத்து அதே படத்தைக் காட்டினாள்.

“இத பாத்தீங்களா மேடம்? சைனா நாயாம். பூட்ஸ் உள்ள வெப்பாங்க இல்ல, அந்த ஃபரு கூட கன்டெய்னர்ல வந்துட்ச்சாம். கொரோனாவே இதுலேந்துதான் வந்துச்சுன்றாங்க.”

“அப்படி ஒரு சந்தேகம் இருக்கு. இன்னும் யாரும் நிரூபிக்கலை. ஆனா இது அது இல்லம்மா. எனக்கு நரி மாதிரிதான் தெரியுது.”

“அந்த நாயை நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?”

“முப்பது நாப்பது தடவை கையிலயே தூக்கியிருக்கேன்.”

அவள் நாகரிகமான பெண். உடனே எழவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஜன்னலோர சீட் காலியானதும் அங்கே மாறிக்கொண்டாள்.

பேரணாம்பட்டு பஸ் நிலையத்தில் குணசேகரன் மோட்டார் பைக்கோடு நின்றார். ஒல்லியான மனிதர், மீசை மட்டும் பெரிது. விஷயம் நான் நினைத்ததை விட மோசம் என்று போகும் வழியிலேயே சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே நாலு கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் ஒரு டேனரி, தோல் பதனிடும் ஆலை. அதன் பின்சுவருக்கு அப்பால் காட்டு நிலம். அங்கேதான் அந்த மிருகம் வருகிறது. பக்கத்துச் சிற்றூரில் ஆடு வளர்ப்பவர்கள் பயந்துபோய், கோழிக் குடலில் வயலுக்குப் போடும் குருணை மருந்தைக் கலந்து வைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“ஞாயித்துக்கெழம வரிக்கும் டைம் கேட்டிருக்கேன் மேடம். சென்னைலேந்து டாக்டர் வர்றாங்க, அவங்க சொல்லட்டும்னு. அதுக்கு மேல நான் ஒர்த்தன் எங்கன்னு காவல் நிப்பேன்? பேஜாராப்போச்சு.”

“மருந்து வச்சா எல்லாம் சாகுமே. நாய், காக்கா, மயில்.”

“அதான் மேடம். அதவிட, எஸ்தர் அக்கா செத்துடுவாங்க.”

எஸ்தர் யார் என்று டேனரி வாசலில் தெரிந்தது. ஐம்பதை நெருங்குகிற பெண்மணி, கண்ணாடி, வெளுத்த நீலக் கோட்டு. இருபத்திரண்டு வருடமாக அங்கே செலக்‌ஷன் வேலை. பதனிட்ட தோல்களை வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு அடியில் மேஜையில் விரித்து, புரட்டி, தடவி, தரம் பிரிப்பது. வடக்கு வெளிச்சம்தான் நாள் முழுக்க மாறாதாம். ஒரு தோலுக்கு அவருக்குத் தேவைப்பட்டது சில நொடிகள். உள்ளங்கை போகும், விரல் ஒரு இடத்தில் நிற்கும், “உண்ணிக் கடி, பி” என்பார்; அடுத்தது. ஆடு உயிரோடு இருந்தபோது எந்த முள்வேலியில் கிழித்துக்கொண்டது என்று கூடச் சொல்லிவிடுவார் போலிருந்தது. நான் என் ஸ்டெதாஸ்கோப்பை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

வேலை ஐந்தரைக்கு முடியும். கம்பெனி பஸ் ஆறே காலுக்கு. நடுவில் இருக்கும் முக்கால் மணி நேரத்தை எஸ்தர் இரண்டு வருடமாகப் பின்சுவரில் கழிக்கிறார். அப்பால் ஒரு தட்டைப் பாறை. காலையில் கோழிக்கடையில் வாங்கி வந்த தலை, கால், குடல் எல்லாவற்றையும் அதில் கொட்டி, நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுப்பார். மலைப் பக்கமிருந்து நரிகள் வரும். நாலு நரி. பிறகு மூன்று தெருநாய்களும் சேர்ந்துகொண்டன. நரிகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் ஏ கிரேடு, பி கிரேடு, சி கிரேடு, ரிஜெக்சன். முடி கொட்டிய பெண் நரிதான் ரிஜெக்சன். அந்தப் பெயரை அவர் சொல்லும்போது கொஞ்சலாக இருந்தது.

“எங்க தப்புதான் மேடம்,” என்றார் எடுத்த எடுப்பில். “போன வருசம் மழைல சுண்ணாம்புத் தொட்டித் தண்ணி பின்னாடி ஓடிட்ச்சு. இது அதுல வுழுந்திருக்கும். முடிய எடுக்கறதுக்குதான நாங்க தோலை சுண்ணாம்புல போடறோம்? அது மேல பட்டா போவாம இருக்குமா? சூப்பர்வைசர்லேந்து எல்லாருக்கும் தெரியும். அதான் யாரும் வெளிய பேசல. நான் பாவத்துக்கு ரெண்டு தலை ஜாஸ்தியா போட்றேன்.”

தோல் தொழில் செய்பவர்கள் மட்டுமே இப்படி நினைக்க முடியும். ஊர் அதைச் சீனாவிலிருந்து கன்டெய்னரில் வரவழைத்தது. டேனரி அதைத் தன் தொட்டியில் தள்ளியது. இரண்டு பேரும் தங்கள் தொழிலை வைத்தே யோசித்திருந்தார்கள். நானும் சொறி என்று யோசித்துக்கொண்டு வந்தவள்தான், அதனால் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

மாலை ஐந்து ஐம்பது. சுவருக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்தேன். எஸ்தர் சத்தம் கொடுத்தார். முதலில் நாய்கள் வந்தன, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நரிகள். கடைசியில் ரிஜெக்சன். பத்தடிக்கு ஒருமுறை நின்று, பின்னங்காலால் விலாவைச் சொறிந்து சொறிந்து, தள்ளாடி வந்தது. வயிறு பெருத்திருந்தது. பாறைக்கு வந்தும் தின்னவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. எஸ்தர் சுவருக்கு மேல் முகத்தைக் காட்டிய பிறகுதான் வாயை வைத்தது. எஸ்டோனியாவில் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு முகத்துக்காகக் காத்திருந்து தின்ற நோயாளி இதுதான் முதல்.

சனிக்கிழமை அவருக்கு அரை நாள் வேலை. மதியம் அதே ஜன்னலடியில் என் மடிக்கணினியைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி வைத்தேன். சொல்வதற்கு நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். திரையில் விரல் போனது. காதோரத்தில் நின்றது, முழங்கையில் நின்றது.

“இது சுண்ணாம்பு இல்ல.”

நான் படத்தை இன்னும் பெரிதாக்கினேன்.

“சுண்ணாம்புன்னா முடி ஒரே சீரா எடுக்கும் மேடம். அடியில தோலு வெள்ளையா, வழவழன்னு இருக்கும். இது இன்னா, காதோரம், முட்டி, வாலுன்னு ஆரம்பிச்சிருக்கு. தோலு தடிச்சுப்போய் மடிப்பு வுழுந்துகீது. மேல பொருக்கு. ஆட்டுத்தோல்ல இத பாத்திருக்கேன். இது சொறி.” நிமிர்ந்தார். “இருவத்திரெண்டு வருசமா தோலு பாக்கறேன்னு பேரு. சாயந்திர வெளிச்சத்துல தூரத்துலேந்து பாத்து ஏமாந்துட்டேன்.”

சொறி என்பது ஒரு பூச்சி, கண்ணுக்குத் தெரியாதது, தோலுக்குள் குழி தோண்டி முட்டை வைப்பது என்று சொன்னேன். நாய்க்கும் நரிக்கும் ரக்கூன் நாய்க்கும் ஒரே பூச்சிதான். உடம்போடு உடம்பு உரசினால் தொற்றும். படுத்த இடத்தில், தின்ற இடத்தில் உதிர்ந்த பொருக்கிலும் சில நாள் உயிரோடு இருக்கும். காட்டில் நரி தனியாக, ஜோடியாகத் திரியும். ஒரு ஜோடிக்கு வந்தால் அதோடு நிற்கலாம்.

அவர் தன் முன்கையைப் பார்த்தார். சிவந்த சிறு புள்ளிகள், சொறிந்த தடம். “இது கெமிக்கல் அலர்ஜின்னு நெனச்சேன். அந்த நாய்ங்கள தட்டிக் குடுப்பேன்.”

“மனுசங்க மேல இது தங்காதுக்கா. தொடுறதை நிறுத்தினா தானாப் போயிடும். ஒரு தடவை தோல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“என்னுத வுடுங்க.” கோட்டின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். மறுபடி திரையைப் பார்த்தார். “அப்போ, நாலு நரியும் மூணு நாயும் ஒரே பாறைல ஒண்ணா தின்னதுதான் காரணம். நாய்ங்களுக்கு இருந்துச்சு. அங்கேந்து இதுக்கு வந்துச்சு. நான்தான் எல்லாத்தையும் கூப்ட்டு ஒண்ணா ஒக்கார வச்சேன்.”

அதைச் சொல்வதற்காகத்தான் சென்னையிலிருந்து வந்தேன் என்று கூடச் சொல்லலாம். அவரே சொல்லிவிட்டார். சமாதானமாக ஏதாவது சொல்ல நினைத்தேன். தோலில் ஓட்டையைப் பார்த்துவிட்டவரிடம் ஓட்டை இல்லை என்று சொல்ல முடியாது. “வேணும்னு செய்யலையேக்கா,” என்றேன். அது உண்மை. அவர் தலையாட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், அடுத்து என்ன என்று கேட்டார்.

அடுத்தது இதுதான். என் பெட்டியில் இருந்த மாத்திரை ஒருமுறை கொடுத்தால் வாரக்கணக்கில் வேலை செய்யும். வயிற்றில் குட்டி இருந்தாலும் கொடுக்கலாம். ஆனால் ஒன்றுக்கு ஒன்றுதான். ஒரே நரி மூன்றைத் தின்றுவிட்டால் வம்பு. ஏழு பிராணிகளையும் அடையாளம் தெரிந்து, ஒவ்வொன்றின் வாய்க்கும் தனித்தனியாக எறியக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அதற்குப் பிறகு பாறையில் எதுவும் வைக்கக்கூடாது, கூப்பிடவும் கூடாது. இனி எப்போதும்.

“எப்பவுமேவா?”

“எப்பவுமே. கூடினா திரும்ப வரும்க்கா. குட்டிங்களுக்கும் வரும்.”

ஞாயிறு. எஸ்தர் கோயிலுக்குப் போய்விட்டு, அதே நல்ல சேலையோடு எங்களுடன் சிற்றூருக்கு வந்தார். வேப்பமரத்தடியில் முப்பது பேர் இருப்பார்கள். ரக்கூன் நாய்ப் படத்தையும் நம் நரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். அது பத்துக் கடல் தாண்டி இங்கே வந்தாலும் இந்த வெயிலைப் பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிவிடும் என்றேன். கொஞ்சம் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஆட்டுக்காரர் சிரிக்கவில்லை.

“நரின்னே வச்சிக்கலாம். சீக்கு நரிதான? என் ஆட்டுக்கு ஒட்டினா?”

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் எழுந்தார். “நான் சோறு போட்டதாலதான் அது இங்க வருது. நாளைக்கு மருந்து குடுக்கறோம். நாளான்னிக்குலேந்து நான் போடமாட்டேன். வராது. அதுக்கப்புறமும் வந்தா நீங்க இன்னா வேணா பண்ணுங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. அதைச் சொன்னதால்தான் ஆட்டுக்காரர் சரி என்றார். நரிக்கு விஷம் வைப்பது குற்றம், சிறை உண்டு என்று குணசேகரன் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

திங்கள் மதியம், குணசேகரன் கேட்டிருந்த வனத்துறை அனுமதிக் கடிதம் வந்தது. மாலை ஐந்து நாற்பதுக்குச் சுவரடியில் நின்றோம். ஏழு கோழித் தலை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மாத்திரை. எஸ்தர் எறிவதைப் பார்க்க வேண்டும். தோல் மேஜையில் இருந்த அதே நிதானம். முதலில் நாய்களை இடப்பக்க ஓரத்துக்கு இழுத்து மூன்றையும் முடித்தார். ஏ கிரேடுக்கு வலப்பக்கம் தூரமாக. பி கிரேடு பிடுங்க ஓடியபோது அதன் மூக்குக்கு நேராக அடுத்தது விழுந்தது. நான் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். ரிஜெக்சன் மட்டும் தலையை வாயில் கவ்வி, கீழே போட்டு, சுவரைப் பார்த்தது. எஸ்தர் சுவர் மேல் முகத்தைக் காட்டி, “தின்னு,” என்றார் மெதுவாக. தின்றது. எலும்பு நொறுங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

செவ்வாய் காலை குணசேகரன் காய்ந்த தென்னோலைகளைப் பாறை மேல் குவித்துக் கொளுத்தினார். சாம்பலைக் கழுவிவிட்ட பிறகு எஸ்தர் கேட்டார், “ஒரு கோட்டு சுண்ணாம்பு அடிச்சிடலாமா மேடம்?” சுண்ணாம்பைப் பற்றி மட்டும் இனிமேல் பேசாதீர்கள் என்றேன். வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அன்று மாலையே கம்பெனி பஸ்ஸில் பேரணாம்பட்டுக்கும், அங்கிருந்து ஆம்பூருக்கும், இரவு ரயிலுக்குமாக என் திட்டம். பெட்டியை அடுக்கும்போது எஸ்டோனியாவில் ஒரு கிழவர் நினைவுக்கு வந்தார். தன் தோட்டத்தில் தட்டு வைத்து ரக்கூன் நாய்களுக்கும் குள்ளநரிகளுக்கும் ஓட்ஸ் கஞ்சி ஊற்றுவார். அவரிடமும் இதையேதான் சொன்னேன், ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது தட்டு இருந்தது. சென்னையில் எங்கள் தெருவிலும் அப்படித்தான். மொட்டை மாடியில் புறாவுக்கு அரிசி போடாதீர்கள் என்றால் என்னோடு பேசுவதை நிறுத்துவார்களே தவிர, அரிசியை நிறுத்த மாட்டார்கள். அன்பு வைத்தவர்களிடம் அதை ஒளித்து வையுங்கள் என்று கேட்பது என்ன கொடுமையான வேலை என்று இத்தனை வருடம் கழித்து உறைத்தது. நான் கேட்டதைச் செய்தவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தரைக்கு எஸ்தர் கோட்டைக் கழற்றி மாட்டினார். சுவர்ப் பக்கம் வரவில்லை. “என்னால ஆவாது மேடம். பாத்தா கூப்ட்டுடுவேன். நீங்க போய் பாத்துட்டு வந்து சொல்லுங்க,” என்று வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு அது வந்தது. மற்றவை வரவில்லை, அல்லது வந்து மோப்பம் பிடித்துத் திரும்பிவிட்டன. ரிஜெக்சன் கழுவிய பாறையை முகர்ந்தது. சுற்றி வந்தது. பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு விரிசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தலை சுவருக்கு மேல் தெரிந்தால் போதும், அது இன்னும் ஒரு வருடம் வரும். கைக்கடிகாரத்தில் பத்து நிமிடம். எழுந்தது, விலாவைச் சொறிந்தது, சரிவில் ஒரு இலந்தைப் புதரடிக்குப் போய்த் தரையில் கிடந்த பழங்களைப் பொறுக்கித் தின்றது. அவசரமில்லாமல் தின்றது. மலைப் பக்கம் போனது.

பஸ்ஸில் எஸ்தர் தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். சுற்றிலும் பெண்கள், பூ வாசனை, தோல் வாசனை, யாரோ கடலை பிரித்தார்கள்.

“வந்துச்சா?”

“வந்துச்சுக்கா.”

“எவ்ளோ நேரம் இருந்துச்சு?”

இரண்டு நிமிடம் என்று சொல்ல நினைத்தேன். இவரிடம் பொய் செல்லாது. “பத்து நிமிசம். அப்புறம் இலந்தப் பழம் தின்னுட்டுப் போயிடுச்சு. நல்லாத் தின்னுச்சு.”

பஸ் கிளம்பியது. டேனரியின் பின்சுவர் ஜன்னலில் ஓடி மறையும் வரை அவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலைக்கு வந்த பிறகு, கணக்குச் சொல்வதைப் போல இல்லாமல், தனக்குத்தானே பேசுவதைப் போலச் சொன்னார்.

“நாளைக்கு அஞ்சு நிமிசம் ஒக்காரும். நாளான்னிக்கு வந்து சும்மா பாத்துட்டுப் போவும். ஒரு வாரத்துல என்ன மறந்துடும், மேடம்.” கண்ணாடியைக் கழற்றினார். “மறந்துடணும்.”